முந்திக்கொள்ளும் அண்ணி

என் அண்ணன் ஒரு கதையைத் தொடங்குவான், அண்ணி முடித்துவைப்பாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவன் சொந்த வாயால் முடித்த கதைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவையும் அண்ணி குளித்துக்கொண்டிருந்த சமயத்தில் சொன்னவை. வீட்டுக்கு யாராவது வந்திருப்பார்கள். அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு நாள் ஒரு அம்மா டிரைவிங் கத்துக்க வந்தாங்க. வந்தவங்க நேரா பின்சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க..." என்று இழுப்பான். அந்த இழுப்பு முடிவதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும். "டாக்ஸின்னு நினைச்சு ஏறிட்டாங்க." வந்தவர்கள் சிரிப்பார்கள், அதுவும் சமையலறைப் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். அண்ணன் திறந்த வாயோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொள்வான்.

அண்ணி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி ஆசிரியர். பயந்து நடுங்கும் ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா... மெதுவா... இப்ப லேசா பிரேக்..." என்று வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அவன் பேச்சும் அந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. அவனுடைய இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே போய்ப் பல் தேய்த்துவிட்டு வரலாம். கூடப் பிறந்த எனக்கே சில சமயம் கை அரிக்கும். கட்டிக்கொண்டவளுக்கு எப்படி இருக்கும்?

ஆனால் இதே அண்ணியை ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் நான் சொல்வதை நம்ப மாட்டார்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் அவள் மொழிபெயர்ப்பாளர். இந்த நாட்டில் ஒரே வார்டில் ஆறு மொழியில் முனகுவார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதற்கு மேலே பதினொரு மொழிகளில் 'உதவி வேண்டுமா' என்று எழுதிய பலகை. அங்கேதான் அவள் இடம். கூப்பிட்டால் எழுந்து போய், நோயாளிக்குச் சற்றுப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, பேசுகிறவர் வாயை மூடிய பிறகுதான் தன் வாயைத் திறக்க வேண்டும். இவைதான் அந்த வேலையின் சட்டங்கள். ஒரு தடவை எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, ஒரு அம்மா தன் மகள் கல்யாணத்தில் ஆரம்பித்து, சம்பந்தி வீட்டார் சண்டை வழியாக, கால் மணி நேரம் கழித்து முழங்காலுக்கு வந்து சேர்ந்தாராம். அண்ணி அதுவரை தலையைக் குனிந்தபடி கேட்டிருந்துவிட்டு, சம்பந்தி சண்டை உட்பட ஒன்று விடாமல் டாக்டருக்கு ஒப்பித்திருக்கிறாள். அந்தப் பொறுமையில் கால்வாசியையாவது வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதா என்று அண்ணன் கேட்டான். அங்கே அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அண்ணி பதில் சொல்லிவிட்டாள்.

இனி நாடகத்துக்கு வருகிறேன். அண்ணனும் நானும் ஒரு நாடகக் குழுவில் இருக்கிறோம். நூலகத்தின் அடித்தளத்தில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கும் அறையில் ஒத்திகை. எனக்கு லைட் வேலை. நாடகம் நன்றாக இருந்தால் நடிகர்களைப் புகழ்வார்கள், மோசமாக இருந்தால் ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு என்பார்கள். இருபது வருடமாக இதைக் கேட்டுப் பழகிவிட்டது, விடுங்கள். அண்ணனுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவனுக்குக் கிடைத்தவை மூன்றே வேடங்கள்: போலீஸ்காரர், "சொல்றதுக்கு வருத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகும் டாக்டர், அப்புறம் பிணம். பெரிய வசனம் கொடுத்தால் இடைவேளைக்குள் முடிக்க மாட்டான் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். குழுவில் அவனுக்குப் பெயரே 'போலீஸ்'தான். மகன் கல்லூரியில் சேரப் போன நாளில்கூட, "போலீஸ் மகன் கிளம்பிட்டானா?" என்றுதான் விசாரித்தார்கள்.

போன வருடம் புதிதாக ஒரு டைரக்டர் வந்தாள். முப்பது வயது இருக்கும். அப்பா தமிழ், அம்மா வேறு மொழிக்காரி. தமிழ் புரியும், ஆனால் பேசும்போது பாதி வழியில் வண்டி நின்றுவிடும். அவள் ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தாள். மகன் வீட்டோடு தங்க வரும் ஒரு மாமனார், அவருடைய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத மருமகள். பகலெல்லாம் வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். மாமனார் தமிழிலேயே பேசுவார். மருமகள் இந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவான மொழியிலேயே பேசுவாள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கடைசிவரை புரியாது. பார்க்கிறவர்களுக்கு மட்டும், மேடைக்கு மேலே தொங்கும் திரையில், தமிழுக்குப் பொதுமொழியும் பொதுமொழிக்குத் தமிழும் சப்டைட்டிலாக வந்துகொண்டிருக்கும். மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு துணி துவைக்கும் மெஷின், ஒரு கூடை துண்டு. அவ்வளவுதான் செட்டு.

மாமனார் வேடத்துக்கு ஆள் தேடினாள். ஒவ்வொருவராக வசனம் படித்தார்கள். அண்ணன் படித்தபோது நாங்கள் எல்லோரும் வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்தோம். அவள் மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், இவ்வளவு மெதுவாகப் பேசுகிற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

சப்டைட்டிலை யார் எழுதுவது, நாடகம் நடக்கும்போது யார் அதை ஓட்டுவது என்ற பேச்சு வந்தது. அப்போது கையைத் தூக்கி, "என் சம்சாரம் இருக்காளே, ரெண்டு மொழியும் தண்ணிபட்ட பாடு" என்று சொன்னது வேறு யாருமில்லை, என் அண்ணன்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதை நேரில் பார்த்தவன் நான்.

அண்ணி எடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்தாள். மூன்று வாரத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் மொழிபெயர்த்து, வரிசை எண் போட்டு, லேப்டாப்பில் ஏற்றிவிட்டாள். ஒரு பொத்தானை அமுக்கினால் அடுத்த வரி திரைக்குப் போகும். நாடகத்திலேயே பெரிய சிரிப்பு வரவேண்டிய இடம் நானூற்றுப் பதின்மூன்றாம் வரி. மாமனார் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு, துண்டு மடிக்கும் மருமகளிடம் சொல்வார்: "நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன்மா. என் பேச்சை முழுசா உட்கார்ந்து கேட்டது நீ ஒருத்திதான். ஏன்னா, உனக்கு ஒரு வார்த்தையும் புரியல."

இதை அண்ணி முதன்முதலில் ஒத்திகையில் எல்லோருக்கும் படித்துக் காட்டியபோது நாங்கள் ஆளுக்கொரு திசையில் சுவரைப் பார்த்தோம். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நல்லா எழுதியிருக்கா இந்தப் பொண்ணு. இப்படி வீட்டுக்கு வீடு இருக்குல்ல" என்று பாராட்டிவிட்டு நானூற்றுப் பதினான்குக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம், சனியும் ஞாயிறும் மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். மொத்தம் ஆறு. அரங்கத்தின் பின்சுவரில், உயரத்தில், கண்ணாடி போட்ட ஒரு பெட்டி அறை உண்டு. அதற்குள் என் லைட் பலகை, அண்ணியின் லேப்டாப், இரண்டு நாற்காலி. முழங்கால் சுவரில் இடிக்கும். விசிறி ஒன்று இருக்கிறது, சத்தம் போடும் என்பதால் ஆட்டம் நடக்கும்போது போடக் கூடாது. அங்கே உட்கார்ந்துதான் முதல் ஆட்டத்தின் கூத்தைப் பார்த்தேன்.

அரங்கத்தில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. பத்து மொழிக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் திரையில் பொதுமொழியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மெஷின் மேல் கையை வைத்தான். "நாப்பது..." என்றான். மூச்சு விட்டான். அதற்குள் அண்ணி முழு வரியையும் திரைக்கு அனுப்பிவிட்டாள். "வருஷம்..." என்று அவன் சொன்னபோது அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அண்ணன் திடுக்கிட்டுப் போனான். நாற்பது வருஷம் என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? அவன் மெல்லக் குனிந்து தன் பேண்ட் ஜிப் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். கடைசியில் அவன் வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் ஏற்கனவே படித்தாயிற்றே.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில் பின்சீட்டில் நான். முன்சீட்டில் யுத்தம். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த சிரிப்பை அண்ணி திருடிவிட்டாள் என்பது அண்ணனின் வழக்கு. படிக்கத் தெரிந்த ஜனங்களைப் பசி எடுக்கும்வரை காக்கவைக்க முடியாது என்பது அண்ணியின் வழக்கு. நான் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, எனக்கு யாருமே உறவில்லை என்பதுபோல வெளியே பார்த்தபடி வந்தேன்.

டைரக்டர் சமரசம் செய்தாள். சிரிப்பு வரும் வரிகளை மூன்று மூன்று துண்டாக வெட்டினார்கள். அதிலும் பயன் இல்லை. அண்ணன் அடுத்த துண்டுக்கு மூச்சை இழுக்கும்போதே அண்ணியின் விரல் இறங்கிவிடும். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அண்ணன் சொன்னான். பக்கத்தில் இருந்து பார்த்த நான் சத்தியம் செய்வேன், அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் வாயில் வார்த்தை வருவதற்கு முன்பே அது அவள் காதில் விழுந்துவிடுகிறது. இருபத்தாறு வருடப் பழக்கம் அது.

இரண்டாவது வாரம் அண்ணன் வேறொரு வழி கண்டுபிடித்தான். அண்ணியை முந்திவிடுவது என்று முடிவு செய்து, பிறவியில் இல்லாத வேகத்தில் பேசத் தொடங்கினான். அண்ணி விடுவாளா? அவளும் வேகத்தைக் கூட்டினாள். திரையில் எழுத்துகள் பறந்தன. மருமகளாக நடிக்கும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அண்ணனின் கை அசைவை வைத்துத்தான் தன் முறையைத் தெரிந்துகொள்வாள். அன்றைக்கு அவன் கை வீசிய வீச்சில் அவள் ஒரே வசனத்தை மூன்று தடவை சொன்னாள். என் லைட்டுகள் எல்லாம் ஆள் போன பிறகு அந்த இடத்தில் போய் எரிந்தன. ஒன்றரை மணி நேர நாடகம் பதினோரு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. கழிப்பறையிலிருந்து திரும்பிய ஒருவர், எல்லோரும் கைதட்டுவதைப் பார்த்து வேறு அரங்கத்துக்குள் வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. தன்னிடமிருந்து களவு போன சிரிப்புகளை அண்ணன் ஒவ்வொன்றாக நடித்துக் காட்டுவான். நானூற்றுப் பதின்மூன்றின் சிரிப்புக்கு ஒரு தனி வரிசை உண்டு என்பான். முதலில் பொம்பளைகள் சிரிப்பார்களாம். பிறகு கொஞ்சம் அமைதி. அது புருஷன்மார்கள் பக்கத்தில் திரும்பி, நாம் சிரிக்கலாமா என்று பொண்டாட்டி முகத்தைப் பார்க்கும் நேரம். பிறகு தைரியம் வந்து ஆம்பளைகள். கடைசியில் மொத்தக் கூட்டம். எந்த மொழிக்காரர்களாக இருந்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை என்று சொல்லி, கரண்டியால் தட்டைத் தட்டி அந்தத் தாளத்தையே வாசித்துக் காட்டுவான். இரண்டு வாரத்தில் எனக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.

மூன்றாவது வாரத்துக்கு முன்னால் டைரக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கடைசி ஞாயிறு ஆட்டத்துக்கு ஒரு முக்கியமான அம்மா வருகிறார். ஊர் ஊராகப் போகிற நாடகங்களைத் தேர்ந்தெடுப்பது அவர்தான். அவருக்குப் பிடித்தால் எட்டு ஊர். இல்லையென்றால் செட்டைப் பிரித்து, மெஷினைத் துணி துவைக்க எடுத்துப் போகலாம். இப்படியே ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தால், அண்ணியின் இடத்தில் வேறு ஆளை உட்காரவைப்பதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வேடம் போனால் மறுபடி பிணம்தான். அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டைரக்டரிடம், எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்: "ஆஸ்பத்திரில இருக்கற மாதிரி இங்கயும் இருந்துக்கறேன். அவர் வாய் மூடின பிறகுதான் என் விரல் இறங்கும். இது சத்தியம்."

சனிக்கிழமை அப்படியே நடந்தது. துண்டாக வெட்டிய வரிகளை மறுபடி ஒன்றாக ஒட்டிவிட்டு, அண்ணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சொல்லி முடிப்பான், தமிழர்கள் சிரிப்பார்கள், மற்றவர்கள் எதற்கு என்று புரியாமல் அவர்களைப் பார்ப்பார்கள், அப்புறம் திரையைப் பார்த்து அவர்களும் சிரிப்பார்கள். ஒரு வசனத்துக்கு இரண்டு அறுவடை. அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு வந்தான். அண்ணிக்குத்தான் விரல் வலித்தது. அமுக்காமல் இருந்ததால் வந்த வலி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் அந்த அம்மா, கயிறு கட்டிய கண்ணாடியும் கையில் ஒரு நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். முதல் நானூறு வரிகள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. நானூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் நடந்து வந்து அதன் மேல் கையை வைத்தான். மருமகள் துண்டை மடித்தாள். அரங்கம் காத்திருந்தது.

அண்ணன் பேசவில்லை. எப்போதும் விடுகிற இடைவெளிதானே என்று நான் நினைத்தேன். அண்ணி மட்டும் மெல்லச் சொன்னாள்: "மறந்துட்டார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இடது கை பாக்கெட்டுக்குப் போகுது பாரு. வீட்டுச் சாவியை எங்க வெச்சோம்னு தெரியலைன்னா அப்படித்தான் போகும்."

கை பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. அவன் முகத்தில் விழுந்த வெளிச்சத்தை ஒரு மயிரிழை குறைத்தேன், ஏதோ திட்டமிட்ட கட்டம் போலத் தெரியட்டும் என்று. இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். கீழே அந்த மருமகள் பெண் அதே துண்டை நான்காவது தடவையாகப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். பாவம், எடுத்துக் கொடுப்பதற்கு அவளுக்குத் தமிழ் தெரியாது.

"போடுங்க அண்ணி" என்றேன்.

"அவர் இன்னும் சொல்லலையே தம்பி."

"அதான் மறந்துட்டாரே."

"சொல்லாததை நான் எப்படிப் போடறது?" அவள் என் பக்கம் திரும்பினாள். "சத்தியம் பண்ணியிருக்கேன்."

இத்தனை வருட உத்தியோகத்தில் அண்ணி ஒரு நோயாளி சொல்லாத வார்த்தையை டாக்டரிடம் சொன்னதில்லை. வீட்டில் அண்ணன் சொல்லாத வார்த்தையைச் சொல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அந்த இரண்டு அண்ணிகளும் அந்தச் சின்ன அறையில், ஒரே நாற்காலியில், ஒரு பொத்தானுக்கு மேல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசை அம்மா நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். பிறகு கணக்குப் பார்த்ததில் அது மொத்தம் ஒன்பது வினாடி. மெஷின் தண்ணீரை வெளியேற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயோ, போகட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணி பொத்தானை அமுக்கினாள்.

வரி திரையில் ஏறியது. அண்ணனுக்கு அது தெரியாது. திரை அவன் தலைக்கு மேலே இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அவனுக்குக் கேட்டது சிரிப்பு மட்டும்தான். முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு சின்ன அமைதி. பிறகு ஆண்கள். கடைசியில் மொத்த அரங்கம்.

அண்ணனின் கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. தோள்கள் இறங்கின. இரண்டு வாரமாகக் கரண்டியும் தட்டுமாக வாசித்துக் காட்டிய தாளம் ஆயிற்றே, அவனுக்குத் தெரியாமல் போகுமா? எந்தச் சிரிப்பை அண்ணி திருடிவிட்டாள் என்று வழக்குப் போட்டானோ, அதுவே திரும்பி வந்து அவன் வசனத்தை அவன் கையில் கொடுத்துவிட்டது.

அவன் உடனே வசனத்தைச் சொல்லவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பிறகு மேடையின் விளிம்புக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, தனக்கே உரிய அந்த மாட்டுவண்டி வேகத்தில் சொன்னான்: "என்ன... எல்லாரும் படிச்சிட்டீங்களா? எங்க வீட்டுலயும்... இப்படித்தான். சரி... நானும் ஒரு தடவை சொல்லிக்கறேன்."

இது நாடகத்தில் இல்லை. எண்ணூற்றுப் பன்னிரண்டு வரிகளில் எதிலும் இல்லை. தமிழர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் திரையை அண்ணாந்து பார்த்தார்கள். திரை காலியாக இருந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பொத்தியும் அடங்காமல், கண்ணில் நீர் வழிய, கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும்படி சிரித்தாள். கடைசி வரிசையில் நாலு பேர் திரும்பி எங்கள் பெட்டியைப் பார்த்தார்கள். அண்ணன் சொன்ன ஒன்றுக்கு, அவன் சொல்லி முடித்த பிறகு அவள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணி, எல்லாரும் திரையைப் பார்க்கறாங்க" என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்னதை அங்கேயே மொழிபெயர்த்துத் தட்டினாள். அது திரைக்குப் போனபோது மிச்சக் கூட்டமும் வெடித்தது. அதன் பிறகு அண்ணன் மெஷினிடம் திரும்பிப் போய், அதன் மேல் கையை வைத்து, நானூற்றுப் பதின்மூன்றை ஆற அமரச் சொன்னான். எல்லோருக்கும் தெரிந்த வசனம்தான். ஆனாலும் ஒருவரும் அசையாமல், அவன் முடிக்கும்வரை கேட்டார்கள்.

அந்த அம்மா எட்டு ஊருக்கும் நாடகத்தை எடுத்துக்கொண்டார். டைரக்டரின் இரண்டு கையையும் பிடித்து, அந்த மௌனத்தை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பாராட்டினார். டைரக்டர் முகத்தில் ஒரு தசையும் அசையாமல் நன்றி சொன்னாள். அந்தக் கட்டம் ஒவ்வொரு ஊரிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த அம்மா போட்ட ஒரே நிபந்தனை.

அதனால் மறதி இப்போது நாடகத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. ஒன்பது வினாடி மறந்து நிற்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஒத்திகை நடந்தது. தானாக மறந்தபோது அவ்வளவு அழகாக மறந்தவனுக்கு, மறக்கச் சொன்னால் மறக்க வரவில்லை. ஏழாவது வினாடியிலேயே முகத்தில் வசனம் தெரிந்துவிடுகிறது. இடது கையைப் பாக்கெட்டுக்குள் விடச் சொல்லி அண்ணிதான் பயிற்சி கொடுத்தாள். மேடை விளிம்புக்கு வந்து அவன் பேசியதையும் ஒரு வரியாக எழுதி, 413அ என்று எண் போட்டு லேப்டாப்பில் சேர்த்தார்கள்.

முதல் ஊரில் மறதி முடிந்தது, சிரிப்பு வந்தது, அண்ணன் விளிம்புக்கு வந்தான். அண்ணி தயாராக விரலை வைத்திருந்தாள். அவன் வாயைத் திறந்ததும் 413அ திரைக்குப் போயிற்று. அண்ணனோ வேறு எதையோ சொல்லிவிட்டான்: "நீங்க சிரிச்சு முடிங்க. எனக்கு... அவசரம் இல்ல. நான்... மாமனார்தானே." திரையில் ஒன்று, மேடையில் ஒன்று. அண்ணி வெலவெலத்துப் போனாள். ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் பிடிபிடியென்று பிடித்தாள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். இரண்டாவது ஊரிலும் புதிதாக ஒன்று. மூன்றாவது ஊருக்குப் போகுமுன் அண்ணி 413அவில் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டாள். இப்போது அந்த எண்ணுக்கு எதிரே வெறும் கட்டம். அவன் சொல்லி முடிக்கும்வரை விரல்களைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்து, சிரித்து முடித்துவிட்டு அப்புறம்தான் தட்டுவாள்.

வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போன வாரம்கூட விருந்தாளிகளிடம் அண்ணன் பின்சீட்டு அம்மா கதையை ஆரம்பித்தான். சமையலறையிலிருந்து டாக்ஸி வந்துவிட்டது.

எட்டாவது ஊருக்குப் போகும் வழியில், பெட்ரோல் போட அண்ணன் இறங்கிப் போயிருந்தான். முன்சீட்டிலிருந்து அண்ணி என் பக்கம் திரும்பினாள். மடியில் லேப்டாப் திறந்திருந்தது. காலிக் கட்டத்தில் அந்தச் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"தம்பி, இன்னைக்கு என்ன சொல்லப்போறார்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். எந்த இடத்தில் வந்து நிற்பான் என்று லைட்டுக்காக அண்ணன் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தான், வசனத்தையும் சேர்த்து. நான் வாயைத் திறந்தேன்.

"வேணாம், சொல்லிடாத" என்றாள் அண்ணி அவசரமாக, லேப்டாப்பை மூடிக்கொண்டே. "அவரே சொல்லட்டும்."